உங்கள் ஊர்க் கச்சானும் சித்திரையில் வந்த பனியும்

திருகோணமலை,
சித்திரை மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

சுவிஸில் இருந்து நீ அனுப்பின குரல் செய்தியை அம்மாவும் நானும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். கரண்ட் இல்லை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, மேலே போகிற றோட்டை அடைத்துவிட்டார்கள், முந்தாநாள் வரை சட்டைக் கையை மடித்துவிட்டுத் திரிந்த ஊரில் இப்போது முழங்கால் அளவு பனி என்று அடுக்கிக்கொண்டே போனாய். அம்மா கேட்ட முதல் கேள்வி வீட்டில் அரிசி, பருப்பு இருக்கிறதா என்பது. எனக்கு மனதில் தங்கினது நீ கடைசியாகச் சொன்னதுதான். நாளன்றைக்கு நல்ல வெயில் எறிக்குமாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலே மலைப்பக்கம் போய்ப் பனியில் விளையாட விடப்போகிறோம் என்றாய்.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பேச்சில் சொன்னால் "சரி அப்பா, சரி அப்பா" என்று முடித்துவிடுவாய். எழுதிப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுகிறேன். பிள்ளைகள் படுத்த பிறகு ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனி வருவதற்கு முன்னால் இரண்டு மூன்று நாள் சூடாக அடித்ததே, உங்கள் ஊர்க்காரர் ஃபொன் என்கிற காற்று, அது உனக்குப் புதிது இல்லை. நீ பிறந்து வளர்ந்ததே அந்தக் காற்றில்தான். நம்முடைய கச்சான் அது. பல வருடம் வகுப்பில் புவியியல் படிப்பித்தபோது ஃபொன் காற்றை நான் ஐரோப்பாவில் இருந்து தொடங்குவதில்லை, ஆனி ஆடியில் நம் முற்றத்தில் அடிக்கிற காற்றில் இருந்துதான் தொடங்குவேன். கொடியில் போட்ட சாரம் திரும்பிப் பார்ப்பதற்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். மாரியில் ஊதி இறுகி, தோளால் இடித்துத் திறந்த கதவு கச்சானுக்குச் சுருங்கித் தானாக அடிபடும். உதடு வெடிக்கும், கிணறு கீழே போகும், மத்தியானத்தில் காகம்கூட வாயைத் திறந்துகொண்டு வேப்பமர நிழலில் நிற்கும்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? தென்மேற்கில் இருந்து வருகிற ஈரக்காற்று மலைநாட்டில் ஏறும்போது கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் தன்னிடம் உள்ள மழையை எல்லாம் கொட்டிவிடுகிறது. முகில் கட்டி மழை பெய்யும்போது வெளிவருகிற வெப்பம் காற்றிலேயே தங்கிவிடுவதால் ஏறுகிற வழியில் அது மெதுவாகத்தான் குளிர்கிறது. இறங்கும்போது ஈரம் இல்லை, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஒரு பாகை சூடேறுகிறது. ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது கூடுதலாக எடுத்துக்கொண்டு நம்மிடம் வருகிறது. உங்கள் பக்கம் ஈரக்காற்று தெற்கில் இருந்து, இத்தாலிப் பக்கமாக வருகிறது. மழையும் பனியும் தெற்கே திச்சினோ மாநிலத்தில் விழுகின்றன, நீங்கள் இருக்கிற ஊரி மாநிலத்துப் பள்ளத்தாக்குக்கு வறண்ட சூடு வந்து சேர்கிறது.

பட்டிப்பொலைச் சுரங்கம் உனக்கு நினைவிருக்கும். பதுளை ரயிலில் போனோமே. இந்தப் பக்கம் புகாரும் தூறலும், ஜன்னலை இழுத்து மூடிவிட்டுச் சுவெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு இருந்தாய். சுரங்கம் கழிந்து ஓகியாப் பக்கம் வந்ததும் பளிச்சென்று வெயில். "அப்பா, வேற நாட்டுக்கு வந்திட்டமா?" என்று கேட்டாய். அல்ப்ஸ் மலையைக் குடைந்து போகிற உங்கள் கொத்தார்ட் சுரங்கமும் அதே கதைதான். வடக்கு வாசலில் கோஷனன் பக்கம் ஒரு வானம், தெற்கு வாசலில் ஐரோலோப் பக்கம் வேறொரு வானம். மலை காற்றை மறிக்கிற இடமெல்லாம் இந்த வேலை நடக்கும், அது 1,900 மீட்டரில் இருக்கிற பட்டிப்பொலையோ அல்ப்ஸோ எதுவானாலும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கச்சான் ஓய்ந்தால் நமக்கு வேறொன்றும் வராது, கொஞ்சம் மூச்சு விடலாம், அவ்வளவுதான். ஃபொன் ஓய்கிறதென்றால் வடமேற்கில் இருந்து குளிர்காற்று வந்து அதைத் தள்ளிவிட்டது என்று அர்த்தம். சூட்டுக்குப் பின்னால் குளிர் காத்துக்கொண்டு நிற்கும். சில மணி நேரத்திலேயே பத்து, பதினைந்து பாகை இறங்கிவிடும். உங்கள் வீட்டில் இருந்து தெற்கே பார்த்தால் மலைமுடியை ஒட்டி வெள்ளையாக ஒரு முகில் நீளமாகக் கட்டியிருக்கும். அது அசையாமல் நிற்கும்வரை ஃபொன் இருக்கிறது. அது கலைந்து கீழே வரத் தொடங்கினால் உடுப்பை உள்ளே எடு. (ஃபொன் அடிக்கிற நாளில் வெளியே நெருப்பு மூட்டவே வேண்டாம். பக்கத்து மாநிலத்துத் தலைநகர் கிளாருஸ் 1861 மே மாதத்தில் இப்படி ஒரு காற்றில்தான் எரிந்தது. ஒரே இரவில் ஊரின் பெரும்பகுதி போய்விட்டது.)

அப்புறம், மழை என்றுதானே சொன்னார்கள், எப்படி வீட்டு வாசல்வரை பனி வந்தது என்று கேட்டாய். உங்கள் பள்ளத்தாக்கு ஒடுக்கமானது, இரண்டு பக்கமும் செங்குத்து மலை. மேலே பனியாகப் புறப்படுவது வருகிற வழியில் உருகித்தான் உங்களுக்கு மழையாகிறது. உருகுவதற்குச் சூடு வேண்டும், ஒரு கிராமுக்கு 80 கலோரி. அந்தச் சூட்டைச் சுற்றி இருக்கிற காற்றில் இருந்துதான் எடுக்கிறது. அகன்ற வெளியென்றால் வேறு காற்று வந்து ஈடுசெய்யும். ஒடுங்கிய பள்ளத்தாக்கில் அடைபட்ட காற்றுக்கு அந்த வழி இல்லை. பெய்யப் பெய்யக் குளிர்ந்து பூச்சியத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு வருகிற பனி உருகாமலே தரையைத் தொடும். மழை பலமாகவும் காற்று இல்லாமலும் இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். இனி ஏப்ரலில் "1,000 மீட்டருக்கு மேல் பனி" என்று சொன்னால், உங்கள் ஊர் 450 மீட்டரில்தானே இருக்கிறது என்று எண்ணாதே.

இந்தக் காலத்துப் பனி மார்கழிப் பனியைவிடப் பொல்லாதது. குளிர்காலப் புதுப்பனி ஒரு கன மீட்டர் 100 கிலோ அளவில் இருக்கும். இது ஈரப்பனி, நனைந்த சாக்குப் போலப் பாரம், அதைவிட இரண்டு மூன்று மடங்கு வரும். மரங்களும் துளிர்விட்டு, பூவோடு நிற்கிற நேரம். இலையில்லாத கிளையில் தங்காமல் விழுகிற பனி இப்போது இலையிலெல்லாம் தங்கிக் கிளையை முறிக்கிறது. முறிந்த மரம் வயரில் விழுகிறது, உங்களுக்குக் கரண்ட் போகிறது. 2025 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறுக்குச் சற்று முன்னால் வாலிஸ் மாநிலத்தில் இதுதான் நடந்தது. செர்மாட்டுக்கு றோட்டும் ரயிலும் நின்று கரண்டும் போய்விட்டது. மருமகனிடம் சொல்லு, ஒக்டோபரில் இருந்து உயிர்த்த ஞாயிறு வரை விண்டர் டயர் என்று அங்கே ஆட்கள் கணக்கு வைத்திருப்பது நல்ல கணக்குத்தான், ஆனால் மலைப்பக்கம் வேலைக்குப் போகிறவர் இன்னும் கொஞ்சம் தள்ளி மாற்றட்டும்.

பருவம் முடிகிற நேரத்தில் வருகிற காற்று எங்களுக்கும் தெரிந்ததுதான். 2023 பெப்ரவரி தொடக்கத்தில், மாரி கழிந்தது என்று எல்லோரும் இருந்த நேரத்தில், மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் நடுவே ஒரு தாழமுக்கம் கரையேறியது. அது பெரும்போக நெல் அறுவடைக்கு நிற்கிற காலம். கார்த்திகையில் என்றால் கடலுக்குப் போகிறவனும் வயற்காரனும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான். தையில் யார் பார்ப்பது?

இனி நான் சொல்ல வந்த விஷயம். வெயில் எறித்துவிட்டது என்பதால் மலைக்கு எல்லாம் முடிந்துவிடவில்லை, பிள்ளை. பனிமலையில் ஆட்கள் கூடுதலாக அகப்படுவது பெரும்பனி பெய்து முடிந்து வருகிற முதல் வெயில் நாளில்தான். புதுப்பனி பழைய பனியோடு இன்னும் ஒட்டியிருக்காது. ஃபொன் அடித்தபோது ஒரு சரிவில் இருந்து அள்ளி மறு சரிவில் கொட்டின பனி வெளியே தெரியாமல் பலகையாகக் கிடக்கும். அதன்மேல் சித்திரை வெயில் பட்டு ஈரம் உள்ளே இறங்கும். 30 பாகைக்கு மேல் சரிவாக உள்ள இடத்தில் ஒரு ஆள் கால் வைத்தால் போதும். பனிச்சரிவில் சிக்கினவர்களில் பெரும்பாலோருக்கு அதைக் கிளப்பியது அவர்களேதான், இல்லையென்றால் கூடப் போனவர்கள். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் நம்பிக்கை. அதற்குள் கீழே இருந்து ஒருவரும் வந்து சேர முடியாது.

உங்கள் ஊரி மாநிலத்துக்கு இது நன்றாகத் தெரியும். அண்டர்மாட்டுக்கு மேலே இருக்கிற காட்டில் மரம் வெட்டக்கூடாது என்று 1397ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார்கள். பனியை மறித்து ஊரைக் காக்கிற காடு அது. அப்படியிருந்தும் 1951 ஜனவரியில் அதே அண்டர்மாட்டில் பனிச்சரிவுகள் வீடுகளுக்குள் புகுந்து 13 பேர் இறந்தார்கள். காவலுக்குக் காட்டையே நட்டு வைத்திருக்கிற மக்கள் றோட்டை அடைக்கிறார்கள் என்றால் காரணத்தோடுதான் அடைக்கிறார்கள்.

நம்முடைய மலைநாட்டை எண்ணிப் பார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, பதுளை, நுவரெலியாப் பக்கம் எத்தனை இடத்தில் மலை சரிந்தது. மழை குறைந்த பிறகும் மண்ணுக்குள் போன தண்ணீர் உள்ளேதான் நின்றது. வானம் வெளித்துவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பாதீர்கள் என்று அதிகாரிகள் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு இருந்தோம். மேலே பெய்த தண்ணீர் மகாவலியில் இறங்கி மூதூர், வெருகல் பக்கம் வந்து நின்றபோது நம் தலைக்கு மேல் நீலவானம். 1964 டிசம்பர்ப் புயல், தனுஷ்கோடியை அழித்த அதே புயல், நம் பக்கமாகத்தான் போனது. அப்போது நான் சின்னப் பொடியன். காற்றின் இரைச்சல் அடங்கின பிறகும் விடியும்வரை உன் அப்பப்பா ஒருவரையும் வாசலைத் தாண்ட விடவில்லை. விடிந்த பிறகும் தென்னங்காணிப் பக்கம் போகக்கூடாது என்று மறித்தார். வேர் அறுந்து சாய்ந்து நின்ற தென்னைகள் காற்றே இல்லாமல் அன்று பகல் முழுக்க ஒவ்வொன்றாக விழுந்தன. "டம்" என்ற அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் காதில் இருக்கிறது. அதனால்தான் நீ வெயில் என்று சொன்னதும் எனக்குப் பயம் பிடித்தது.

டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் பனிப் பருவத்தில் ஒவ்வொரு நாளும் மாலை 5 மணிக்கு அறிக்கை விடுகிறது, நடுக்குளிர்காலத்தில் காலை 8 மணிக்கும் விடும். வைட் ரிஸ்க் என்ற செயலியில் உன் கைபேசியிலேயே பார்க்கலாம். அபாயத்தை ஒன்றில் இருந்து ஐந்து வரை போடுவார்கள். ஐந்தில் மூன்றென்றால் நடுத்தரம்தானே என்று நினைத்துவிடாதே, கூடுதலான சாவு மூன்று போட்ட நாட்களில்தான் நடக்கிறது. நான்கென்றால் ஆட்கள் தாமாகவே வீட்டில் இருந்துவிடுகிறார்கள், மூன்றைப் பார்த்துத்தான் துணிந்து போகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் போகிறார் என்பதற்காகவும் போகாதே. அவர் அந்த மலையில் பிறந்தவர், எந்தச் சரிவு எந்தப் பக்கம் இறங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம், உனக்குத் தெரியாது.

பிள்ளைகளுக்குப் பனிதானே வேண்டும். பள்ளிக்கூட மைதானத்தில் கிடக்கிற பனியும் பனிதான். அங்கே விட்டு ஆசை தீர விளையாடட்டும். கூரை ஓரத்துக்குக் கீழே மட்டும் நிற்க விடாதே, வெயில் பட்டதும் கூரைப்பனி மொத்தமாக வழுக்கி விழும். முறிந்து தொங்குகிற கிளையின் கீழும் வேண்டாம். உன் வேலை மேலே இருக்கிற முதியோர் இல்லத்தில் என்பதும் எனக்குத் தெரியும். அந்த வயதுபோன ஆட்களை விட்டுவிட்டு இருக்க உனக்கு மனம் வராது, அந்த மனம் எங்களுக்குப் பெருமைதான். ஆனாலும் றோட்டைத் திறக்கும்வரை குறுக்குப் பாதை தேடாதே. மேலே இருக்கிற ஆட்கள் ஒரு நாள் சமாளித்துக்கொள்வார்கள் என்று பொறுப்பாளரோடு கதைத்துவிடு.

பல்கனியில் வைத்த மிளகாய்க் கன்றை உள்ளே எடுத்துவிட்டாயா என்று அம்மா கேட்கிறார். இன்னும் ஒரு மாதத்துக்கு இரவில் வெளியே வைக்காதே. அங்கே தோட்டக்காரர் மே நடுப்பகுதி கழியும்வரை இளங்கன்றுகளை வெளியில் நட மாட்டார்கள் என்று நீயே ஒருமுறை சொன்னாய். இருக்கிறது பட்டுப்போனால் கவலைப்படாதே, அம்மா நம் கொச்சி மிளகாய் விதை காயவைத்து வைத்திருக்கிறார், வைகாசியில் வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவோம்.

நாளைக்கு மாலை அறிக்கையைப் பார்த்ததும் என்ன இலக்கம் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுது. நமக்கு அப்போது இரவு எட்டரை மணி தாண்டியிருக்கும். முழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா