வானொலியில் பேரம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கப்பல் மோதல்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நெரிசலான கடல்வழிகளில் கப்பல்கள் விஎச்எஃப் வானொலியில் (கப்பலுக்குக் கப்பல் குரலில் பேசும் கருவி) இன்னும் அதிகம் பேசிக்கொண்டால் விபத்து குறையும் என்கிறார் கட்டுரையாளர். சரக்குக் கப்பல்களில், கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜில் காவல் நின்றவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

தலா 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு கப்பல்களுக்கு நடுவே 2 நிமிடத்துக்கு ஒரு கடல் மைல் கரைகிறது. “என் இடப்பக்க முன்புறம் வரும் கப்பலே” என்று ஒருவர், எல்லாக் கப்பல்களும் கேட்கும் 16ஆம் சேனலில் கூப்பிட, சம்பந்தமே இல்லாத வேறொரு கப்பல் “சொல்லுங்கள்” என்று பதில் கொடுத்ததை சிங்கப்பூர் நீரிணையில் நானே கேட்டிருக்கிறேன். யார் என்று தெளிந்து, சேனல் மாறி, பேசி முடிக்க 4 நிமிடம் ஆனால் 2 மைல் போச்சு.

இப்போதுதான் ஏஐஎஸ் என்ற தானியங்கி அடையாளக் கருவியின் திரையில் பெயரே தெரிகிறதே என்பார்கள். தெரிகிறது, அதனாலேயே பேரம் பேசும் ஆசையும் கூடிவிட்டது. விதிப்படி வலப்பக்கம் திரும்ப வேண்டிய இருவர், “பச்சைக்குப் பச்சை கடப்போம்” என்று, அதாவது பச்சை விளக்குள்ள வலப்பக்கங்கள் நேருக்கு நேர் இருக்கும்படி கடக்கலாம் என்று, தங்களுக்குள் முடித்துக்கொள்கிறார்கள். பின்னால் வரும் மூன்றாவது கப்பலுக்கு இது எப்படித் தெரியும்? அவர் நம்பியிருப்பது 1972ஆம் ஆண்டு மோதல் தடுப்பு விதிகளை. ஏஐஎஸ் இல்லாத மீன்பிடிப் படகைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விஎச்எஃப் பேச்சில் நேரம் வீணாகும் என்று பிரிட்டனின் கடல்சார், கடலோரக் காவல் முகமையே வழிகாட்டுக் குறிப்பில் எச்சரித்திருக்கிறது.

வானொலியே வேண்டாம் என்று சொல்லவில்லை. போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் சொல்ல, எஞ்சின் நின்றால் சுற்றியுள்ளவர்களை எச்சரிக்க அது வேண்டும். மற்றபடி சீக்கிரமாக, எதிராளியின் ரேடாரில் பளிச்சென்று தெரியும்படி பெரிதாகத் திரும்புவதே தெளிவான பேச்சு. ஐந்தைந்து பாகையாகத் திருப்பினால் யாருக்கும் புரியாது. எதிரே வருபவர் என்ன செய்கிறார் என்று சந்தேகமா? ஐந்து குறுகிய ஊதல் கொடுங்கள்.

2017 ஆகஸ்டில் அதே நீரிணைப் பகுதியில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்னும் அல்னிக் எம்சி என்ற டேங்கரும் மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கான் கட்டுப்பாடு எந்த மேசையில் இருக்கிறது என்ற குழப்பம் போர்க்கப்பலின் பிரிட்ஜுக்குள்ளேயே இருந்தது. பேச்சைக் கூட்டுவதானால் முதலில் அங்கே கூட்டுங்கள்.

பயிற்சி நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள்: சிமுலேட்டர் வகுப்பில் ஒரு மணி நேரமாவது விஎச்எஃப்பை அணைத்துவிட்டு, நெரிசலில் கப்பலை ஓட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகக் கப்பல் அதிகாரி