அடுத்த முறை பூங்காவைப் பூட்டாதீர்கள்

பொதுப் பூங்காக்களை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொரோனாதான் ஓய்ந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்த மடல் என்று கேட்பீர்கள். அடுத்த பெருந்தொற்று வாசலில் வந்து நிற்கும்போது உங்களுக்கு இதைப் படிக்க நேரம் இருக்காது, எங்களுக்கும் நிதானமாக எழுத மனம் இருக்காது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: எடுத்த எடுப்பில் பூங்காவுக்குப் பூட்டுப் போடாதீர்கள்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் ஊர் ஊராகப் பூங்காக்கள் மூடப்பட்டன. லண்டனில் பிராக்வெல் பூங்காவுக்கு ஒரு சனிக்கிழமை 3,000 பேர் வந்துவிட்டார்கள் என்று மறுநாள் ஏப்ரல் 5 அன்று கதவை அடைத்தார்கள். கலிஃபோர்னியாவில் சான் கிளெமென்டே நகர நிர்வாகம் இன்னும் ஒரு படி மேலே போய், ஸ்கேட்டிங் பூங்காவில் பிள்ளைகள் நுழையக்கூடாது என்று 37 டன் மணலைக் கொண்டுவந்து கொட்டியது. அந்தப் பதற்றத்தைக் குறை சொல்ல மாட்டேன், கிருமி எப்படிப் பரவுகிறது என்று அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. தெரிந்த பிறகும் பல இடங்களில் பூட்டு அப்படியே தொங்கியதே, அதுதான் என் வருத்தம்.

நமக்குத் தெரிய வந்தது என்ன? சீனாவில் 2020-இன் தொடக்கத்தில் ஏற்பட்ட 318 தொற்றுக் கொத்துகளை, அதாவது ஒரே இடத்தில் 3 பேருக்கோ அதற்கு மேலோ தொற்றிய நிகழ்வுகளை, ஆய்வாளர்கள் அலசியபோது எல்லாமே மூடிய இடங்களில்தான் நடந்திருந்தன. அவர்கள் பார்த்த மற்ற நோயாளிகளையும் சேர்த்தால்கூட, திறந்தவெளியில் தொற்றியது ஒன்றே ஒன்றுதான், அதில் பாதிக்கப்பட்டவர்கள் 2 பேர். குளிர்காலம், ஜனம் பெரும்பாலும் வீட்டுக்குள் இருந்த நேரம், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் பிறகு வந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்ந்தன. பேசும்போதும் மூச்சுவிடும்போதும் வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறைக்குள் மணிக்கணக்கில் மிதந்து கொண்டிருக்கும், வெளியிலோ காற்று அடித்துக்கொண்டு போய்விடும், வெயிலும் தன் பங்குக்குக் கிருமியைச் செயலிழக்கச் செய்யும். ஆக, பூங்கா மூடியிருக்கிறதே என்று நண்பர்கள் நாலு பேர் ஒருவர் வீட்டு அறையில் கூடி உட்கார்ந்தால், ஆபத்தைக் குறைத்தோமா, கூட்டினோமா?

அதற்காகப் பூங்கா என்றாலே பத்திரம் என்று நான் சொல்லவரவில்லை. பூங்காவுக்குள்ளும் நெருக்கடியான இடங்கள் உண்டு, அவற்றில் பாதியை உருவாக்கியது உங்கள் விதிகள்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் போய்வரும் பூங்காவைத் திறந்தபோது காலையில் 2 மணி நேரம், மாலையில் 2 மணி நேரம் என்று வைத்தார்கள். இருக்கும் வாசல்களில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அடைப்பு. அந்த ஒரு வாசலில் ஒரு மேசை, மேசைமேல் நீளமான நோட்டு, நோட்டோடு நூலில் கட்டிய ஒரே பேனா. பெயர், தொலைபேசி எண், வந்த நேரம் எல்லாம் எழுதவேண்டும். எழுதுகிறவரின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டு பின்னால் ஒரு வரிசை, எண் சரியாகத் தெரியவில்லை என்று காவலாளி குனிந்து கேட்க, அவர் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுச் சத்தமாகச் சொல்ல, உள்ளேயோ ஏக்கர் கணக்கில் ஆளில்லாத புல்வெளி! அந்த நோட்டை யாராவது ஒருமுறையாவது புரட்டிப் பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நேரத்தைக் குறைத்தால் கூட்டம் குறையாது, அத்தனை பேரும் அந்த நேரத்துக்குள் வந்து குவிவார்கள். விடியலிலிருந்து இரவு வரை திறந்து வையுங்கள், எல்லா வாசல்களையும் திறந்து வையுங்கள், கூட்டம் தானாகப் பிரிந்துகொள்ளும். ஒடுக்கமான நடைபாதையா, ஒருவழிப்பாதை ஆக்குங்கள், தரையில் அம்புக்குறி வரைய எவ்வளவு சுண்ணாம்பு ஆகிவிடப்போகிறது? நியூயார்க்கின் டொமினோ பூங்காவில் 2020 மே மாதம் புல்தரையில் வெள்ளை வட்டங்கள் போட்டார்கள், ஒரு வட்டத்துக்குள் ஒரு வீட்டார், பக்கத்து வட்டத்துக்கு 6 அடி இடைவெளி. யாரையும் விரட்டாமலே இடைவெளி கிடைக்க இப்படியும் ஒரு வழி உண்டு.

அப்புறம் இந்த மருந்தடிக்கும் வேலை. திறந்தவெளியில் தெருவிலும் தரையிலும் கிருமிநாசினி தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது. மண்ணும் அழுக்கும் பட்டால் அந்த மருந்து வீரியம் இழந்துவிடும், மூச்சில் ஏறினால் மனிதருக்குத்தான் கேடு. கிருமி இருக்கும் பரப்பைத் தொட்டு நோய் வரும் வாய்ப்பு பொதுவாக 10,000-இல் 1-க்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் கணக்குச் சொன்னது. அதற்குப் பிறகும் ஊஞ்சலைச் சங்கிலியால் சுற்றிக் கட்டி வைத்திருந்ததில் என்ன நியாயம்? குழந்தைகளுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிட உடலசைவு வேண்டும் என்பதும் அதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்தான். மருந்துக்குச் செலவழிக்கும் பணத்தில் குழாயும் சோப்பும் வையுங்கள்.

கழிப்பறையைத் தயவுசெய்து பூட்டாதீர்கள். இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கழிப்பறை இல்லாத பூங்கா முதியவர்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், சின்னப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கும் மூடிய பூங்காதான். உண்மையில் பூங்காவில் கவனம் தேவைப்படும் ஒரே மூடிய அறை அதுதான், அதனால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், உள்ளே ஒரே நேரத்தில் எத்தனை பேர் போகலாம் என்று கதவில் எழுதுங்கள், சுத்தம் செய்பவருக்கு நல்ல முகக்கவசமும் கையுறையும் கொடுங்கள். பெஞ்சுகளையும் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டாம், உட்கார இடமில்லை என்றால் முழங்கால் வலிக்காரர் வரவே மாட்டார்.

எங்கள் பக்கமும் செய்யவேண்டியவை இருக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். காய்ச்சல், இருமல் இருப்பவர் வரக்கூடாது. கூட்டமாக இருந்தால் திரும்பிப் போய் வேறு நேரத்தில் வரவேண்டும். எதிரில் ஒருவர் ஓடிக் கடந்துபோனதற்காக அவரோடு சண்டை போடத் தேவையில்லை, நொடி நேரத்தில் பெரிதாக எதுவும் ஆகிவிடாது, மூச்சிரைக்க ஓடும்போது முகக்கவசம் போடவேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. வட்டமாக உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் கைவிட்டுச் சாப்பிட்டபடி ஒரு மணி நேரம் முகத்துக்கு முகம் பேசுவதுதான் வம்பு. இவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். ‘அத்துமீறினால் அபராதம்’ என்ற பலகையைப் பார்த்துப் பயந்து ஒதுங்குகிறோமே தவிர, எது ஆபத்து என்று அதிலிருந்து யாரும் தெரிந்துகொள்வதில்லை.

அடுத்து வரும் கிருமி வேறு விதமாகப் பரவக்கூடும், தொடுவதாலோ கொசுவாலோகூட. அப்போது விதிகளும் மாறட்டும். எப்படிப் பரவுகிறது என்று பார்த்து மாற்றுங்கள், பூட்டு கைக்குச் சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காக வேண்டாம். தோட்டமும் மொட்டைமாடியும் உள்ளவர்களுக்குப் பூங்கா மூடினால் பெரிய நஷ்டமில்லை. ஒற்றை அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு வெளிக்காற்று என்றால் உங்கள் பூங்கா மட்டும்தான்.

எந்தெந்த வாசல் திறந்திருக்கும், கழிப்பறைக்கு யார் பொறுப்பு, எந்தச் சூழ்நிலையில் மட்டும் மூடுவீர்கள், மூடினால் எத்தனை நாளுக்கு ஒருமுறை அந்த முடிவை மறுபடி பார்ப்பீர்கள் என்பதையெல்லாம் இப்போதே எழுத்தில் வையுங்கள். அதற்கு எங்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் போடுவதாக இருந்தால், வருகிறோம்.

இப்படிக்கு,
தினமும் நடக்க வருபவர்களில் ஒருவர்