ஆந்திராவின் ஏகாம்பரகுப்பத்திலிருந்து மகளுக்கு

அன்புள்ள அம்மாடிக்கு,

போனில் பேசினால் நீயும் குரலை உயர்த்துவாய், நானும் உயர்த்துவேன், நடுவில் உன் அம்மா போனைப் பிடுங்கி "சாப்பிட்டியா?" என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

திருத்தணியில் பெரியம்மா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நீ பேசியது இங்கே இன்னும் ஓயவில்லை. "ஆயிரம் ரூபாய்க்கும் ஓசி பஸ்ஸுக்கும் ஓட்டை விக்கிறாங்க. பொம்பளைங்களுக்கு ஓட்டு கொடுத்ததே தப்பு" என்றாய். பந்தியில் உன் மாமா இலையைத் தட்டிச் சிரித்தார். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த சித்தி வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நீ கவனித்தாயா தெரியாது. ஊருக்குத் திரும்பும்போது வண்டியில் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "நல்லா படிக்க வச்சீங்க மாமா."

அந்த 'ஓசி' என்ற ஒரு சொல்லுக்காக 2022-ல் தமிழ்நாட்டில் அமைச்சராக இருந்த பொன்முடி எவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பது உனக்கு மறந்திருக்காது. அவர் அரசியல்வாதி, கடைசியில் வருத்தம் தெரிவித்துவிட்டுப் போய்விட்டார். நீ பெங்களூர் போய்விட்டாய். நான்தான் இந்தத் தெருவில் நடமாட வேண்டியிருக்கிறது. சலூனில் முடிவெட்ட உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிக்காரர், "வாத்தியார் பொண்ணே சொல்லிடுச்சே, பொம்பளைங்க ஓட்டு காசுக்குத்தான்னு" என்கிறார். இத்தனை நாள் அதையே அவர் சொன்னால் வீட்டில் மனைவியே வாயை அடைத்துவிடுவாள். இப்போது உன் பேச்சு அவருக்குச் சான்றிதழ் ஆகிவிட்டது. எனக்குக் கோபம் நீ அரசியல் பேசியதில் இல்லை. உன் வாயால் யாருக்கு வேலை ஆகிறது என்று நீ யோசிக்காததில்தான்.

இலவசம் பற்றிக் கேள்வி கேட்பது சரி. இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது, கடன் யார் கட்டுவது என்று கேட்க வேண்டியதுதான். அதில் உன்னோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைப் பெண்கள் பக்கம் மட்டும் திருப்பினாயே, ஏன்? 2004-ல் ராஜசேகர ரெட்டி முதல்வரானதும் போட்ட முதல் கையெழுத்து விவசாயத்துக்கு இலவச மின்சாரம். நம் நிலத்துக் கிணற்று மோட்டாரும் அதில்தான் ஓடியது. அந்த மகசூலில் உன் காலேஜ் ஹாஸ்டல் பணம் கட்டியிருக்கிறேன். விவசாயிகளின் ஓட்டுரிமையைப் பிடுங்க வேண்டும் என்று அன்றைக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. தேர்தலுக்கு முந்தின ராத்திரி குவார்ட்டரும் பிரியாணியும் வாங்கிக்கொள்கிற ஆண்களை வைத்து யாராவது 'ஆண்கள் ஓட்டு' என்று கட்டுரை எழுதுகிறார்களா? கவர் நம் தெருவுக்கும் வந்தது. உன் அம்மா வாங்கவில்லை. வாங்கினவர்களில் வேட்டியும் உண்டு, சேலையும் உண்டு.

வருமான வரி கட்டுகிறவள் நான் என்று வேறு சொன்னாய். சித்தி காலையிலிருந்து ராத்திரி வரை தறிக்குத் தார் சுற்றுகிறவள். அவள் வாங்குகிற சோப்பிலும் போன் ரீசார்ஜிலும் வரி இருக்கிறது. அவளுக்கு யாரும் படிவம் அனுப்புவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம், ஓசி பஸ் என்றாயே, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆந்திராவில் 'ஸ்த்ரீ சக்தி' என்று 2025 ஆகஸ்ட் 15 முதல் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. ஆனால் வேறு மாநிலத்துக்குப் போகிற பஸ்ஸில் அது கிடையாது. நம் ஊர்ப் பெண்களுக்குக் கடை கண்ணி, ஆஸ்பத்திரி, கல்யாணம், முருகன் கோயில் எல்லாமே திருத்தணிதான். அதற்கு டிக்கெட் எடுத்துத்தான் போகிறார்கள். பெரியம்மாவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை வருகிறது, எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற அவள் தங்கைக்கு அது இல்லை. 1960-ல் கோடு போட்டவர்கள் திருத்தணியை அங்கேயும் நகரியை இங்கேயும் விட்டதில் அக்கா தங்கைக்குள் இப்படி ஒரு கணக்கு.

நீ பிறப்பதற்கு முன்னால் நம் மாநிலத்தில் நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பாடப் புத்தகத்திலும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஒரு கிராமம். 90-களின் தொடக்கத்தில் ராத்திரிப் பள்ளி நடத்தினார்கள், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு. பாடப் புத்தகத்தில் ஒரு கதை: ஒரு கிராமத்துப் பெண்கள் ஒன்றுசேர்ந்து சாராயக் கடையை மூடுகிறார்கள். படித்த பெண்கள் அதைக் கதை என்று விடவில்லை. 1992-ல் தங்கள் ஊர்க் கடையை மூடவைத்தார்கள். அது நெல்லூர் மாவட்டம் முழுக்கப் பரவியது, பிறகு மாநிலம் முழுக்க. துடைப்பமும் மிளகாய்ப் பொடியுமாக வந்தார்கள். கடை ஏலம் எடுக்க ஆள் வர முடியவில்லை. 1993-ல் அரசாங்கமே சாராயத்தைத் தடை செய்தது. 1994 தேர்தலில் என்.டி. ராமாராவ் முழு மதுவிலக்கு கொண்டுவருவேன் என்றார். 294-ல் அவர் கட்சிக்கு மட்டும் 216 இடம். 1995 ஜனவரியில் சட்டம் அமலுக்கு வந்தது.

அந்தத் தேர்தலில்தான் எனக்கு முதல் டூட்டி. பேப்பர் ஓட்டுக் காலம். பெண்கள் கும்பல் கும்பலாக, தெருவுக்குத் தெரு சேர்ந்து வந்தார்கள். யாரும் ஆயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லவில்லை. புருஷன் குடிக்காமல் வீட்டுக்கு வர வேண்டும், அதுதான் அவர்கள் கேட்ட விலை. அந்த மதுவிலக்கு நிற்கவில்லை, 1997-ல் சந்திரபாபு தளர்த்திவிட்டார். நம் ஊர் ஆண்களுக்கு அந்த இரண்டு வருடமும் பெரிய கஷ்டமில்லை, எல்லை தாண்டினால் தமிழ்நாட்டில் கடை. உன் தாத்தா உட்பட. அதை ஆயாவிடம் கேள், இன்னும் திட்டுவாள்.

சரி, காசுக்கு ஓட்டு என்கிற விஷயத்துக்கு வருகிறேன். 2019 தேர்தலுக்கு முன்னால் சந்திரபாபு மகளிர் குழுப் பெண்களுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அறிவித்தார். 'பசுபு குங்கும' என்று பெயர், நம் மஞ்சள் குங்குமம்தான். பெயர் வைப்பதில் இவர்களை யாரும் மிஞ்ச முடியாது. சித்திக்கும் வந்தது. தேர்தல் முடிவு என்ன? 175-ல் அவர் கட்சிக்கு 23. அடுத்து ஜெகன். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு 'அம்ம ஒடி' என்று பதினைந்தாயிரம், குழுக் கடனுக்குத் தள்ளுபடி, நாற்பத்தைந்து வயது தாண்டினவர்களுக்குத் தனியாக ஒரு தொகை, எல்லாம் நேராகப் பெண்கள் பெயரில் வங்கிக் கணக்குக்கு. 2024-ல் அவர் கட்சிக்கு 11. நம் நகரியில் இரண்டு முறை ஜெயித்த ரோஜாவும் தோற்றார். அவரைப் பற்றி இந்த ஊர் ஆண்கள் டீக்கடையில் பேசிய பேச்சை உனக்கு எழுத முடியாது. அவர் ஆட்சியைக் குறை சொல்ல ஆயிரம் இருந்தது, எனக்கும் இருந்தது. ஆனால் அவர்கள் பேசியது அதைப் பற்றி இல்லை.

இதில் பெண்கள் எப்படிப் போட்டார்கள்? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. கோடி கோடியாகக் கொட்டிய இரண்டு கட்சிக்கும் தெரியவில்லை, தெரிந்திருந்தால் தோற்றிருக்க மாட்டார்கள். வாங்கிக்கொண்டதற்கு நன்றிக் கடனாகச் சிலர் போட்டிருக்கலாம். வாங்கிக்கொண்டு வேறு கணக்குப் பார்த்தவர்களும் இருந்திருக்கலாம். சித்தி அந்தப் பணத்தில் பள்ளி வேன் கட்டணம் கட்டினாள், அது தெரியும். யாருக்குப் போட்டாள் என்று இன்றுவரை சித்தப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

ஒன்று மட்டும் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். 2019 ஏப்ரல் 11, ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி, நான்தான் வாக்குச்சாவடி தலைமை அதிகாரி. சட்டமன்றத்துக்கு ஒரு எந்திரம், நாடாளுமன்றத்துக்கு ஒன்று. மத்தியானம் ஒரு ஆள் மனைவியோடு உள்ளே வந்தான். "சார், இவளுக்கு ஒண்ணும் தெரியாது, நானே அமுக்கிடறேன்" என்றான். கண் தெரியாதவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும்தான் துணை ஆள், அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது, நீ வரிசையில் போய் நில்லப்பா என்றேன். முறைத்தான். அந்தப் பெண் குனிந்த தலை நிமிரவில்லை. பேரைச் சரிபார்த்தார்கள், இடது ஆள்காட்டி விரலில் மை வைத்தார்கள், கைநாட்டு வைக்க வருவாள் என்று மைப்பெட்டியை நகர்த்தினால், பேனாவைக் கேட்டு வாங்கித் தமிழில் கையெழுத்துப் போட்டாள். எந்திரத்தில் நம் பெண்கள் பலருக்குச் சின்னம்தான் எழுத்து. அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள். ஒரு பீப் வந்தது. அடுத்த பீப் வர இவ்வளவு நேரமா என்று ஏஜென்டுகள் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், உட்காருங்கள் என்று அதட்டினேன். பிறகு இரண்டாவது பீப். வெளியே வந்ததும் அவன் வாசலிலேயே கேட்டான், "எதுல போட்டே?" அவள், "நீ சொன்னதுலதான்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். யாருக்குப் போட்டோம் என்று காட்டும் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு வினாடி தெரிந்து பெட்டியில் விழுந்துவிடுகிறது. சாயங்காலம் என் டைரியில் ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை என்று எழுதினேன். அதற்குமேல் எழுத அதில் கட்டம் இல்லை.

முதல் பொதுத் தேர்தலில், 1951-52-ல், வட இந்தியாவில் நிறையப் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று பதிந்தார்கள். அப்படிப் பதிந்தவர்களில் சுமார் 28 லட்சம் பேரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 1962-ல் ஆண்கள் 63 சதவீதம் ஓட்டுப் போட்டால் பெண்கள் 47-ஐத் தொடவில்லை. 2019-ல் பெண்கள் ஆண்களை ஒரு மயிரிழை தாண்டிவிட்டார்கள், 2024-லும் அப்படியே. எண்ணிக்கை ஏறியதும் கட்சிகள் திரும்பிப் பார்க்கின்றன. மரியாதையால் இல்லை, பயத்தால். 2024-ல் மக்களவைக்கு ஜெயித்த 543 பேரில் பெண்கள் 74 பேர்தான். மூன்றில் ஒரு பங்கு என்று 2023-ல் சட்டம் போட்டார்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் என்று அதிலேயே எழுதியும் வைத்தார்கள். நாற்காலி கொடுக்க இவ்வளவு யோசிப்பவர்கள் ஆயிரம் ரூபாயை மட்டும் உடனே கொடுக்கிறார்கள். உனக்குக் கோபம் வர வேண்டுமானால் அந்த இடத்தில் வரட்டும்.

இன்னொன்று. நீ எம்.சி.ஏ. படித்த திருப்பதி பத்மாவதி பெண்கள் பல்கலைக்கழகம் 1983-ல், என்.டி.ஆர். ஆட்சிக்கு வந்த வருடமே ஆரம்பித்தது. மேடைக்கு மேடை 'ஆடபடுச்சுலு' என்று பெண்களைத் தங்கையாக்கி ஓட்டுக் கேட்டவர் அவர். மகளுக்கும் சொத்தில் சம பங்கு என்ற சட்டமும் இங்கே அவர் காலத்தில் வந்தது, நாடு முழுக்க வர 2005 ஆனது. பெண்கள் ஓட்டை மனதில் வைத்துத்தான் செய்தார் என்று நான் நினைக்கிறேன். அதனால் உன் பட்டம் செல்லாமல் போய்விடவில்லை.

சித்திக்கு நீயே போன் செய். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், கேட்டால் இன்னும் கோபப்படுவாள். அவளோடு அரசியல் பேசு. ஆயிரம் ரூபாய் போதுமா என்று கேட்டுப் பார், அவள் உனக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுப்பாள்.

வாக்காளர் பட்டியல் சரிபார்க்கிற அங்கன்வாடி அம்மா போன வாரம் வந்தார். உன் பெயர் இன்னும் நம் வீட்டு முகவரியில்தான் இருக்கிறது. 2024 மே 13-ஆம் தேதி ஹைதராபாத், சென்னை, உன் பெங்களூரிலிருந்தெல்லாம் ஆட்கள் நின்றுகொண்டே பயணம் செய்து ஓட்டுப் போட வந்தார்கள். நீ லீவு இல்லை என்றாய். இங்கேயே வைத்துக்கொள்வதானால் அடுத்த முறை வா. பெங்களூருக்கு மாற்றுவதானால் படிவம் 8, போனிலேயே போடலாமாம். எது என்று அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும், இந்த வாரத்துக்குள் எழுது.

அன்புடன்,
அப்பா