பியோரியாவுக்கு வர நினைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. கலிபோர்னியாவின் சன்னிவேலில் இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்டுக்கு நீ கொடுக்கும் வாடகையையும், இங்கே இல்லினாய்ஸ் மாநிலத்தின் பியோரியாவில் விற்பனைக்கு வந்திருக்கும் வீடுகளின் விலையையும் அருகருகே வைத்து ஓர் அட்டவணை அனுப்பியிருக்கிறாய். சம்பளம் கணிசமாகக் குறைந்தாலும் சொந்த வீடு வாங்கிவிடலாம், அதன் பிறகும் கையில் மிச்சம் நிற்கும் என்பது உன் கணக்கு. சென்னையிலிருந்தும் ஓசூரிலிருந்தும் இந்த ஊருக்கு வர நினைக்கும் வேறு சிலரும் இதையே கேட்பதால், பதிலை எல்லோரும் படிக்கும்படி பொதுவில் எழுதுகிறேன். ஆனாலும் உன் மனைவியையும் குழந்தையையும் மனத்தில் வைத்து, உனக்காகவே எழுதுகிறேன்.

உன் கணக்கில் உண்மை இருக்கிறது. ஒன்றரை லட்சம் டாலருக்குக் கீழேயும் குடியிருக்கத் தகுந்த வீடு இங்கே கிடைக்கிறது. வெஸ்ட் பிளஃப் பகுதியில் நூறாண்டு பழைமையான, மரவேலைப்பாடு மிகுந்த பெரிய வீடுகளைக்கூட உன் ஊரில் முன்பணமாகக் கேட்கும் தொகைக்கு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் வருமானம் உயர உயர மாநில வருமான வரி 9.3 சதவீதத்தையும் தாண்டிச் செல்லும். இல்லினாய்ஸில் எல்லோருக்கும் ஒரே விகிதம், 4.95 சதவீதம். அலுவலகத்துக்குப் போய்வர அரை மணி நேரம் போதும். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. 2020-க்குப் பிறகு சமூக ஊடகக் காணொளிகளைப் பார்த்து, மலிவான வீட்டுக்காகவே வேறு மாநிலங்களிலிருந்து இங்கே குடியேறியவர்களும் உண்டு. நான் சொல்ல வருவது, வீட்டின் விலை என்பது அந்த வீட்டில் வாழும் செலவு ஆகாது என்பதைத்தான்.

முதலில் சொத்து வரியைப் பார். கலிபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13-ஆம் முன்மொழிவின்படி, அடிப்படைச் சொத்து வரி, வீட்டின் மதிப்பில் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. வீடு கைமாறாதவரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறாது. அந்த நினைப்பிலேயே உன் அட்டவணையில் வரிக்கு ஒரு சிறிய தொகையைப் போட்டிருக்கிறாய். இல்லினாய்ஸில் நடைமுறை வேறு. இங்கே சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கை வரி மதிப்பாகக் கொள்வார்கள். 2,40,000 டாலர் வீட்டுக்கு அது 80,000. நீயே குடியிருந்தால் அதில் 6,000 கழியும். மீதமுள்ள 74,000-க்கு, நூறு டாலருக்கு 8 டாலர் வீதம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 5,920 டாலர் ஆகிறது. மாதக் கணக்கில் ஐந்நூறு டாலருக்குச் சற்றே குறைவு. எந்தப் பள்ளி மாவட்டம் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) என்பதைப் பொறுத்து விகிதம் இதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். வீட்டுக் கடன் அடைந்த பிறகும் இந்தத் தொகை நிற்பதில்லை.

வீட்டு விளம்பரங்களில் காட்டப்படும் வரியை நம்பி உன் அட்டவணையை நிரப்பாதே. அது விற்பவர் கட்டிய வரி. அவர் 65 வயதைக் கடந்தவராக இருந்தால் முதியோர் கழிவு இருந்திருக்கும். வருமானமும் குறைவாக இருந்தால் வீட்டின் வரி மதிப்பே பல ஆண்டுகளுக்கு முன்பிருந்த நிலையில் உறைய வைக்கப்பட்டிருக்கலாம். அந்தச் சலுகைகள் அவரோடு போய்விடும், வீட்டோடு வராது. மேலும், இங்கே ஒவ்வோர் ஆண்டின் வரியும் அடுத்த ஆண்டில்தான் கட்டப்படுகிறது என்பதால், உண்மையான ரசீது உன் கைக்கு வரும்போது நீ குடியேறி வெகு காலம் ஆகியிருக்கும். வங்கி வரிக்காக மாதாமாதம் எஸ்க்ரோ எனும் தனிக் கணக்கில் பிடித்துவந்த தொகை போதாமல், பழைய பற்றாக்குறையையும் புதிய உயர்வையும் ஒருசேரத் தவணையில் ஏற்றிவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மாறாத வட்டி என்று நிம்மதியாக இருந்த குடும்பங்கள், மாதத் தவணை திடீரென்று பல நூறு டாலர் கூடியதைப் பார்த்துத் திகைத்ததை நான் அறிவேன். வாங்குவதற்கு முன் கவுண்டி (மாவட்ட நிர்வாக) அலுவலகத்தின் இணையதளத்தில் அந்த வீட்டின் வரிப் பதிவு எண்ணைத் தேடி, எந்தெந்தக் கழிவுகள் சேர்ந்து அந்த வரி குறைந்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

இந்த வரி ஏன் இவ்வளவு என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது குறைவதற்கான வாய்ப்பு இருக்கிறதா என்பது அதில்தான் இருக்கிறது. பள்ளி மாவட்டம், நகராட்சி, பூங்கா மாவட்டம் என்று ஒவ்வோர் அமைப்பும் தனக்கு இவ்வளவு பணம் தேவை என்று முதலில் முடிவு செய்கிறது. அந்தத் தொகையை ஊரின் மொத்த வரி மதிப்பால் வகுத்து வருவதுதான் விகிதம். தேவை அப்படியே இருக்க, ஊரின் மதிப்பு குறைந்தால் விகிதம் தானாக ஏறும். பியோரியாவின் மக்கள்தொகை 1970-இல் 1,26,963, 2020-இல் 1,13,150. 1960-களில் ரிச்வுட்ஸ் பகுதியை இணைத்துக்கொண்ட பிறகு ஊர் வடக்கு நோக்கிப் பரந்துகொண்டே போயிற்று. ஆட்கள் குறைய, சாலையும் சாக்கடையும் நீண்டன. காவல் துறையினர், தீயணைப்பு வீரர்களின் ஓய்வூதியத்துக்கு ஊரே நிதி திரட்ட வேண்டும். தருவதாக உறுதியளித்த ஓய்வூதியத்தைக் குறைக்க மாநிலத்தின் 1970-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அனுமதிப்பதில்லை. உழைத்தவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சுமையை இன்று மலிவான வீட்டில் குடியிருப்பவர் சுமக்கிறார். வீடு மலிவாக இருப்பதற்கும் வரி கனமாக இருப்பதற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே.

மற்றச் செலவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே ரயில் நிலையம் கிடையாது. பேருந்தை நம்பி வேலைக்கும் பள்ளிக்கும் போவது கடினம். ஆகவே இரண்டு கார்கள், இரண்டு இன்சூரன்ஸ். இந்தியா போவதற்குப் பெரும்பாலும் சிகாகோ போய்த்தான் விமானம் ஏற வேண்டும். உள்ளூர்க் கடைகளில் கிடைக்காத மளிகைக்கும் அரோராவில் உள்ள பாலாஜி கோயிலுக்கும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஓட்ட வேண்டும். குளிர்காலத்தில் பழைய வீட்டைச் சூடாக்கும் எரிவாயுச் செலவை கலிபோர்னியாவில் இருந்துகொண்டு ஊகிக்க முடியாது. விற்பவரிடம் சனவரி, பிப்ரவரி மாத ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார். மின்கட்டணமும் இப்போது நிலையாக இல்லை. நம் பகுதி சேர்ந்திருக்கும் மின்தொகுப்பில், மின்நிலையங்களைத் தயார்நிலையில் வைத்திருப்பதற்காகக் கொடுக்கும் விலை, 2024 கோடையில் ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 30 டாலராக இருந்தது. 2025 கோடைக்கான ஏலத்தில் அது 666.50 டாலருக்குப் போனது. அந்த ஆண்டு ஜூன் முதல் எங்கள் ரசீதுகளில் அது தெரிந்தது.

இதுவரை சொன்னவை எல்லாம் தாங்கக்கூடியவை. உன் சம்பளத்தில் சமாளித்துவிடுவாய். என்னை உண்மையில் கவலைப்படுத்துவது வேறொன்று. இது பெருமளவுக்கு ஒரு நிறுவனத்தைச் சார்ந்து வளர்ந்த ஊர். கட்டுமான இயந்திரங்கள் செய்யும் அந்த நிறுவனமான கேட்டர்பில்லர் 2015-இல் ஊரின் மையத்தில் புதிய தலைமையகம் கட்டப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், உலகெங்கும் பத்தாயிரம் வேலைகள்வரை குறையலாம் என்றும் அறிவித்தது. 2017-இல் கட்டடத் திட்டத்தைக் கைவிட்டுத் தலைமையகத்தைச் சிகாகோ அருகே டியர்ஃபீல்டுக்கும், 2022-இல் டெக்சஸின் இர்விங்குக்கும் மாற்ற முடிவு செய்தது. ஆயிரக்கணக்கானோர் இன்னும் இங்கேயே அந்த நிறுவனத்தில் வேலை செய்கிறார்கள். மருத்துவமனைகளும் பிராட்லி பல்கலைக்கழகமும் பலருக்கு வேலை தருகின்றன. ஆனால் உன் துறையில் ஒரு வேலை போனால் அடுத்த தெருவில் இன்னொன்று கிடைக்கும் என்ற நிலை இங்கே இல்லை. சன்னிவேலில் அது உண்டு. அங்கே நீ கொடுக்கும் வாடகையில் ஒரு பகுதி அதற்கான விலைதான்.

நீ எச்-1பி எனும் வேலை விசாவில் இருக்கிறாய். வேலை போனால் இந்த நாட்டில் தங்க அதிகபட்சம் 60 நாள். உன் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் நிறுவனம் உனக்காக மனுச் செய்யும் ஐ-140 நிலை இன்னும் முடியாததால், உன் மனைவிக்கு வேலை அனுமதி கிடைக்க வழியில்லை. குடும்பம் முழுவதும் உன் ஒரு சம்பளத்தில் நிற்கும். அந்த 60 நாளுக்குள் வேறு ஊரில் வேலை தேடி, வீட்டையும் விற்றாக வேண்டும் என்று எண்ணிப் பார். ஆட்குறைப்பு நடக்கும் காலத்தில் உன்னைப் போலவே பலரும் ஒரே நேரத்தில் விற்க வருவார்கள். வாங்குபவர் குறைவாக இருப்பார்கள். முகவர் கட்டணத்தையும் பழுதுபார்க்கும் செலவையும் கழித்தால், சில ஆண்டுகள் கட்டிய தவணையில் கையில் எதுவும் மிஞ்சாமல் போகலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘மலிவான ஊர்’ என்று நீயும் நானும் பேசுவது நம் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு. இல்லினாய்ஸில் 2025 முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 15 டாலர். வாரத்துக்கு 40 மணி நேரம், ஆண்டு முழுவதும் ஒரு நாளும் விடாமல் உழைத்தால் வரி போகுமுன் 31,200 டாலர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக, அதாவது முப்பது சதவீதத்தை, வீட்டுக்கு ஒதுக்கினால் மாதம் 780 டாலர்தான். அந்த வாடகைக்குக் குழந்தைகளோடு இருக்க நல்ல வீடு இங்கே எளிதில் கிடைப்பதில்லை. கிடைப்பவற்றில் பல பழுதான பர்னஸும் (வீட்டைச் சூடாக்கும் கருவி) ஒழுகும் கூரையும் கொண்டவை. ஊரின் தெற்குப் பகுதியில் பெரிய மளிகைக் கடைகள் மூடப்பட்ட பிறகு, கார் இல்லாதவர்கள் பாலுக்கும் காய்கறிக்கும் படும் பாட்டை நேரில் பார்க்கிறேன். வந்தால், இவர்களும் உன் ஊர்க்காரர்கள் என்பதை நினைவில் கொள்.

என் யோசனை இதுதான். வேலை பிடித்திருந்தால் வா. ஆனால் முதல் ஓராண்டு வாடகைக்கு இரு. குழந்தைக்காக டன்லப் பள்ளி மாவட்டத்தில்தான் வீடு வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். அங்கே புது வீட்டு விலை நீ அட்டவணையில் போட்டதைவிட வெகுவாகக் கூடுதல் என்பதால், வாடகைக்கு இருந்தபடியே அந்தப் பள்ளியையும் மற்றப் பள்ளிகளையும் பார்த்து முடிவு செய். ஒரு குளிர்காலத்தையும் ஒரு வரி ரசீதுக் காலத்தையும் இங்கே இருந்து கடந்த பிறகு வாங்கினால் போதும். ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வீட்டின் முன்பணத்தில் சேர்க்காமல் தனியே வை.

பதில் எழுதும்போது இரண்டு விவரங்களைத் தெரிவி: புதிய நிறுவனம் ஐ-140 விண்ணப்பத்தை எப்போது தொடங்குவதாக எழுத்தில் கொடுத்திருக்கிறது, இங்கே குடிவர நிறுவனம் தரும் இடம்பெயர்வுப் பணத்தை ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கேட்பார்களா? அவற்றைப் பார்த்துவிட்டு உன் அட்டவணையைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா