முதலில் அந்த போர்டைக் கழற்று, மாப்ள

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்பு மாப்ள,

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டுவதை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முட்டிவலித் தைலம் கொடுத்தனுப்பினேன், வந்து சேர்ந்ததா? பெரியவர் இன்னும் உன் பெயரைச் சொல்லித்தான் என்னை அதட்டுகிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடலூர் செம்மண்டலத்தில் நீ போட்டிருக்கும் கார் பாலிஷ் ஷெட்டின் போட்டோ பார்த்தேன். தரையும் வெளிச்சமும் அருமை. மிஷின்களை வரிசையாக மாட்டியிருக்கும் ஒழுங்கைப் பார்க்கவே பெருமையாக இருந்தது. அப்புறம்தான் வாசல் போர்டு கண்ணில் பட்டது. ‘9 எச் வைரக் கவசம், பத்து வருஷம் கீறலே விழாது.’ சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லைடா இது. ரேஞ்ச் ரோவரை வேலைக்கு விட வருகிற அந்த டாக்டர் இந்த வரியை நம்பித்தான் சாவியை உன் கையில் கொடுப்பார். மூன்றாம் மாதம் கதவில் ஒரு கோடு விழுந்தால், நீ செய்த நல்ல வேலை அத்தனையும் அந்த வரியோடு சேர்ந்து பொய்யாகிவிடும். ராத்திரியோடு ராத்திரியாக எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

நீ போடுவது செராமிக் கோட்டிங், பெயிண்ட் மேல் பூசுகிற மெல்லிய பூச்சு; அதற்குச் சொல்கிற 9 எச் என்பது பென்சில் கணக்கு. 9 எச் பென்சிலை ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் சாய்த்து இழுத்தால் படலம் கீறவில்லை என்று அர்த்தம். வைரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. சில்வர் பீச் மணல் ஒட்டிய துணியால் துடைத்தால் செராமிக் போட்ட காரிலும் கோடு விழும். கோட்டிங்கின் கனம் ஏறக்குறைய ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மிஞ்சினால் இரண்டு. பெயிண்டைக் காக்க மேலே ஒட்டுகிற தெளிவான பிளாஸ்டிக் தாளான பிபிஎஃப் 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கிறது. ஈ.சி.ஆரில் லாரி டயர் தெறிக்கிற கல்லைத் தாங்குவது அதுதான். டாக்டர் வாரா வாரம் சென்னை போய்வருகிறவர் என்றாயே, அவருக்குப் பானட், முன் பம்பர், பக்கக் கண்ணாடி மூடி இந்த மூன்றுக்கும் பிபிஎஃப், மற்ற இடத்துக்குச் செராமிக் என்று எடுத்துச் சொல். செராமிக் என்ன செய்யும் என்று கேட்டால் உள்ளதைச் சொல்: அழுக்கு லேசில் ஒட்டாது, கழுவ எளிது, மினுமினுப்பு நிற்கும், பறவை எச்சம் பட்டால் துடைக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும். உப்புத் தண்ணீர்க் கறை விழத்தான் செய்யும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடு. முத்து முத்தாக நிற்கிற தண்ணீர் வெயிலில் காய்ந்தால் வட்டம் வட்டமாக உப்பைத்தான் விட்டுப்போகும். இதைக் கேட்டுவிட்டு ஒருவர் கிளம்பிப் போனால் போகட்டும். கேட்டும் வண்டியை விடுகிறவர்தான் அடுத்த வண்டிக்கும் உன்னிடம் வருவார்.

இனி முக்கியமானது, மீட்டர். பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர் இல்லாமல் இந்த மாதிரி வண்டியில் பாலிஷ் மிஷினைத் தொடாதே. உன்னிடம் இருக்கிற மலிவு மீட்டர் இரும்பைத்தான் படிக்கும். 2012-க்குப் பிறகு வந்த பெரிய ரேஞ்ச் ரோவர் உடம்பே அலுமினியம். அதில் வைத்தால் ஒன்றும் காட்டாது. சில பென்ஸ், பிஎம்டபிள்யூ வண்டிகளில் பானட்டும் கதவும் மட்டும் அலுமினியமாக இருக்கும். இரும்பு, அலுமினியம் இரண்டையும் படிக்கிற மீட்டர்தான் வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் இதுவும் ஓடாது; அங்கே கண்ணையும் கையையும்தான் நம்ப வேண்டும், அதனால் அங்கே மிஷினை மென்மையாகவே பிடி.

அளப்பதை டாக்டர் முன்னாலேயே செய். முதலில் மீட்டரோடு வரும் வெற்றுத் தகட்டில் பூஜ்யம் காட்டு, பிறகு கனம் அச்சடித்த பிளாஸ்டிக் தாளை வைத்து அதே எண் வருகிறதா என்று காட்டு. அப்புறம் ஒவ்வொரு பேனலிலும் ஐந்தாறு இடம். கம்பெனி பெயிண்ட் என்றால் எல்லா அடுக்கும் சேர்ந்து பொதுவாக 100-லிருந்து 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவு மட்டும் 220, 250 என்று காட்டினால் அது மறு பெயிண்ட். 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி பூசியிருக்கிறது. இதை டாக்டரிடம் சொல்லும்போது ஜாக்கிரதை. ‘உங்களை ஏமாற்றி விற்றுவிட்டார்கள் சார்’ என்று ஆரம்பிக்காதே. ‘இந்தக் கதவில் கனம் கூடுதல், முன்பு வேலை நடந்திருக்கலாம், இதன் மேல் பாலிஷ் வேறு மாதிரி நடந்துகொள்ளும்’ என்று மட்டும் சொல். எண் பேசட்டும். 90-க்குக் கீழே காட்டுகிற இடம் இருந்தால் அங்கே காம்பவுண்டே (அழுத்தமாகத் தேய்த்தெடுக்கும் கரடான பாலிஷ்) வேண்டாம், லேசான பாலிஷோடு நிறுத்திக்கொள்.

ஏன் இவ்வளவு பயப்படுத்துகிறேன் என்றால், நாம் தேய்ப்பது க்ளியர் கோட் என்கிற நிறமில்லாத மேல் அடுக்கை. அது சுமார் 40 மைக்ரான்தான். ஒரு காம்பவுண்ட் சுற்றில் இரண்டு, மூன்று மைக்ரான் போய்விடும், ஓரங்களில் இன்னும் வேகமாகப் போகும். வெயிலைத் தடுக்கிற பொருளும் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. இன்றைக்குக் கண்ணாடி மாதிரி மின்னவைத்து, நாலு வருஷம் கழித்து மேல்தோல் உரிந்தால் யாரைக் கேட்பார்? அதனால் நகம் மாட்டுகிற கீறலைத் துரத்தாதே. ‘இது போகாது சார், மங்கும், அவ்வளவுதான்’ என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடு. முடித்த பிறகு சொன்னால் அது சாக்கு.

டெஸ்ட் ஸ்பாட்டையும் அவர் பார்க்கும்போதே போடு. பானட்டில் 50 செ.மீ.க்கு 50 செ.மீ. டேப் கட்டி, இருப்பதிலேயே மென்மையான பேடும் லேசான பாலிஷும் வைத்துத் தொடங்கு. போதவில்லை என்றால் மட்டும் அடுத்த படி. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை 15 முதல் 20 சதவிகிதமாகத் தண்ணீரில் கலந்து அந்த இடத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சம் அடித்துக் காட்டு. துடைக்காமல் காட்டினால் பாலிஷ் எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருக்கும். நாலு வாட்டர் சர்வீஸில் எல்லாம் திரும்பிவரும். கீறலை நிரப்பி மறைக்கிற கிளேஸ் தடவிப் பளபளப்பைக் காட்டிக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நீ அந்தப் பக்கமே போகாதே. ஷெட் விளக்கோடு நிறுத்தாமல் வண்டியை வெயிலில் ஒருமுறை நிறுத்திப் பார். ரோட்டரி மிஷின் விட்ட நிழல்கோடு வெயிலில்தான் பல்லைக் காட்டும்.

பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் வண்டி வந்தால் பாலிஷ், வாக்ஸ் எதுவும் கிடையாது. ஒரு இடம் தேய்த்தாலும் அந்த இடம் மட்டும் மினுங்கும், திரும்பச் சரிசெய்யவே முடியாது. இதை ஷெட் பையன்களிடம் எழுதி ஒட்டு.

வண்டி உள்ளே வரும் நேரம்தான் பாதிப் பிரச்சினை தீர்கிற நேரம். உரிமையாளரோ டிரைவரோ நிற்கும்போதே சுற்றி வந்து வீடியோ எடு: நாலு வீல் ஓரம், முன்கண்ணாடி, டேஷ்போர்டில் எரிகிற விளக்கு, கிலோமீட்டர், பெட்ரோல் முள். அதை அப்போதே அவருக்கு வாட்ஸ்அப் பண்ணு. கழுவிய பிறகு தெரியவரும் பழைய கீறல்களையும் மிஷின் தொடுவதற்கு முன் படம் எடுத்து அனுப்பிவிடு. சாவி பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். டேஷ்கேமராவை அணைக்காதே, அது உனக்கும் சாட்சி. டேஷ்போர்டுப் பிள்ளையாரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது, ஆயுத பூஜைச் சந்தனத்தைக் கேட்காமல் துடைக்கக் கூடாது. துடைக்கச் சொன்னால் ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடு, காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினால் கோடு விழும். உள்ளே கிடைக்கும் சில்லறை, விபூதிப் பொட்டலம், ரசீது எல்லாம் ஒரு கவரில் போட்டு மேலே நம்பர் எழுதித் திருப்பிக் கொடு.

உள்வேலைக்குக் கதவைத் திறந்துபோட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் ஜெர்மன் வண்டிகளில் பேட்டரி இறங்கிவிடும். சாவி பக்கத்தில் இருந்தாலே வண்டி தூங்காது. பேட்டரிக்குத் துணை சார்ஜர் மாட்டு, சாவியைத் தள்ளி வை. இன்றைய சீட் தோலின் மேல் பெரும்பாலும் ஒரு பூச்சு இருக்கிறது, கிரீம் உள்ளே இறங்காது; மென்மையான பிரஷும் தோலுக்கான க்ளீனரும் போதும். அல்கான்டரா என்கிற மெத்தென்ற சீட் துணியில் தோல் கிரீம் தடவினால் தொலைந்தது. டேஷ்போர்டுத் திரையில் அமோனியா கலந்த கண்ணாடி ஸ்ப்ரே அடிக்காதே.

தண்ணீரைப் பற்றி உன்னிடம் கோபம்தான். போர் தண்ணீரை நேராகப் பைப்பில் பிடித்து அடிப்பதை வீடியோவில் பார்த்தேன். நம் கடலோரத்துப் போர் தண்ணீரின் உப்பு உனக்குத் தெரியாததா? தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் விலை சொற்பம், இன்றே வாங்கு. முதல் அலசலுக்குப் போர் தண்ணீர் பரவாயில்லை, காயவிடாமல் இருந்தால். கடைசி அலசலுக்கு 50 பி.பி.எம்.முக்குக் கீழே இருக்கிற தண்ணீர் வேண்டும், சின்ன ஆர்.ஓ. போட்டு டிரம்மில் சேர்த்து வை. நெய்வேலிச் சாம்பலும் சிப்காட் காற்றும் பட்ட வண்டி என்றால் ஃபோம் போட்டு மூன்று, நாலு நிமிஷம் ஊறவிட்டு அலசு, பிறகுதான் கை வைக்க வேண்டும். இரண்டு வாளி, ஒன்று ஷாம்புக்கு, ஒன்று கைத்துணி அலச, இரண்டிலும் அடியில் வலைத்தட்டு. இரும்புத்துகள் எடுக்கும் திரவம் ஊதாவாக மாறி வழிவதை டாக்டரிடம் காட்டு, ஆனால் அதைக் காயவிடாதே. ஒட்டிய துகளை எடுக்கிற களிமண் கட்டியான கிளே அதற்குப் பிறகு.

கோட்டிங் போடும்போது நம் ஊர் ஈரப்பதம் சோதிக்கும். பாட்டிலில் எழுதியிருக்கும் நேரத்தை அப்படியே நம்பாதே. பல கோட்டிங்குகள் காற்றின் ஈரத்தால்தான் இறுகுகின்றன, இங்கே சீக்கிரம் இறுகிவிடும். பெரிய பரப்பு எடுக்காமல் 50 செ.மீ. சதுரமாக எடு, வானவில் மாதிரி நிறம் தெரிந்ததும் துடை, உடனே வேறு துணியால் இன்னொரு முறை. விட்டுப்போன திட்டு இறுகிவிட்டால் அந்த இடத்தை மறுபடி பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அன்று ராத்திரி வண்டி ஷெட்டிலேயே இருக்கட்டும், பனி விழக் கூடாது. ஒரு வாரம் ஷாம்பு வேண்டாம். ‘இன்னைக்கே வேணும்’ என்று அவசரப்படுத்தினால் கோட்டிங்கைத் தள்ளிப்போடு, வெறும் வாஷ் பண்ணி அனுப்பு.

டிரைவர் விஷயம் நீ கேட்டிருந்தாய். கமிஷனைப் பில்லுக்குள் ஒளிக்காதே, என்றைக்காவது முதலாளிக்குத் தெரியும், அன்றோடு இருவரும் போவீர்கள். டிரைவருக்கு மரியாதை கொடு, டீ கொடு, நல்ல மைக்ரோஃபைபர் துணி இரண்டு கொடு. தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டுவதுதான் கருப்பு வண்டியில் சிலந்திவலைக் கீறல் போடுகிறது என்பதை, குறை சொல்லாமல், வெளிச்சம் அடித்துக் காட்டு. அண்ணே என்று கூப்பிட்டுச் சொன்னால் கேட்பார்கள். வண்டி தினமும் அவர் கையில்தான் இருக்கிறது, உன் கோட்டிங்கின் ஆயுளும் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று, இதில் விளையாட்டே வேண்டாம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரை கடந்தது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை உங்கள் பக்கம் ஏறியது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தண்ணீரில் நின்ற வண்டிகள் சந்தைக்கு வரும். விற்பதற்கு முன் ‘வாசனை போகணும், கறை தெரியக்கூடாது’ என்று யாராவது நல்ல காசோடு வருவார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார், சேற்றுக்கோடு இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி அடி ஸ்பாஞ்சை அமுக்கிப் பார், சீட் தண்டவாளத்தின் துருவைப் பார். சுத்தம் செய்வது நம் தொழில், தாராளமாகச் செய். ஆனால் பில்லில் ‘வெள்ளநீர் புகுந்த வண்டி, உள் சுத்தம்’ என்று எழுதிக் கொடு. எழுதக் கூடாது என்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடு. ஏர்பேக் ஒயரில் உப்பு ஏறிய வண்டியில் அடுத்து உட்காரப்போவது ஏதோ ஒரு குடும்பம்டா.

விலையைப் பிரித்து எழுது: வாஷ், துகள் நீக்கம், பாலிஷ், கோட்டிங், பிபிஎஃப் எல்லாம் தனித்தனி வரி. இடையில் கூடுதல் வேலை தெரிந்தால் படம் அனுப்பிக் கேள், பதில் வராவிட்டால் செய்யாதே. வண்டியைக் கொடுக்கும்போது முன்பு எழுதிய மைக்ரான் எண்ணும் பாலிஷுக்குப் பிந்தைய எண்ணும் ஒரே தாளில் இருக்கட்டும். அடுத்த முறை யார் பாலிஷ் போட்டாலும் அந்தத் தாள் உதவும்.

டாக்டரிடம் வியாழன் வரைக்கும் டைம் கேட்டுவிடு. என் மீட்டரைப் புதன்கிழமை காலை கடலூர் பஸ்ஸில் நம்ம கண்டக்டர் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன், பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள். ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று புதிதாக வாங்கி வை, அதில் இருப்பது பழையது. போர்டைக் கழற்றிய போட்டோ வந்த பிறகுதான் பஸ்ஸில் ஏற்றுவேன்.

உன்
மச்சான்