கரண்ட் போன பிறகு கேட்டது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, உன் ஹாம் ரேடியோ ரிக்கின் (பேசவும் கேட்கவும் உதவும் கருவியின்) டயலைக் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். இங்கே எல்லோரும் நலம். பேத்தி பாதி நேரம் என்னோடு ரேடியோ அறையில்தான் இருக்கிறாள். மோர்ஸில் தன் பெயரைத் தடுமாறாமல் தட்டுகிறாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நெட்டில், அதாவது ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் நேரத்தில், ஒருவருடைய செய்தியை வாங்கி இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது, இரண்டே நிமிடத்தில் வந்தாலும் அதற்குள் எல்லாம் கலைந்துவிட்டது என்கிறாய். கம்ப்யூட்டருக்கு வைப்பதுபோல ஒரு யு.பி.எஸ். வைத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம். பேட்டரியில் இருப்பது ஏற்கெனவே நமக்கு வேண்டிய டி.சி.தான். யு.பி.எஸ். அதை ஏ.சி.யாக்குகிறது, உன் பவர் சப்ளை அதையே திரும்ப 13.8 வோல்ட் டி.சி. ஆக்குகிறது. இரண்டு இடத்திலும் சக்தி வீணாகிறது. அதைவிடப் பெரிய தொல்லை இரைச்சல். நானும் முதலில் ஒரு யு.பி.எஸ். வைத்துத்தான் பார்த்தேன். கரண்ட் போனதும் ரிக் நிற்கவில்லை, உண்மைதான். ஆனால் 40 மீட்டர் அலைவரிசையில், வரும் சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டர் 9க்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த உறுமலுக்கு அடியில் ஒரு குரலும் கேட்கவில்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆதங்கம் என்றால், கரண்ட் போகும் நேரம்தான் நம் காது நன்றாகக் கேட்கும் நேரம். போன மாதம் ஒரு ராத்திரி தெரு முழுக்க இருண்டது. ரிக் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. எல்.இ.டி. பல்புகள், சார்ஜர்கள், அக்கம்பக்கத்து டி.வி. பெட்டிகள் எல்லாம் ஒரே நொடியில் அடங்க, எஸ் 6இல் நின்ற முள் எஸ் 2க்கு இறங்கியது. அதுவரை வெறும் சலசலப்பாக இருந்த இடத்தில் மெலிதாக ஒரு சி.டபிள்யூ. (மோர்ஸில் தட்டும்) ஸ்டேஷன், யாரும் பதில் சொல்லாமல் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அந்த ஸ்டேஷனின் அடையாளமான அழைப்புக்குறியை எழுதினேன். பதில் தட்டினேன், கேட்டுவிட்டது. கரண்ட் வந்ததும் இரைச்சல் திரும்பி வந்து அந்த ஸ்டேஷனை மூடிவிட்டது. அந்தப் பத்து நிமிடத்தைப் போய் ஒரு யு.பி.எஸ்ஸுக்குக் கொடுப்பதா?

ஆகவே பேட்டரி ரிக்கின் பக்கத்திலேயே இருக்கட்டும். பவர் சப்ளையில் இருந்து ஒரு வழி, பேட்டரியில் இருந்து ஒரு வழி, இரண்டும் ஆளுக்கொரு டையோடு (கரண்ட்டை ஒரே திசையில் விடும் பாகம்) வழியாக ரிக்குக்கு வரட்டும். எது அதிக வோல்ட்டோ அது சுமையை எடுத்துக்கொள்ளும், மாறியதே ரிக்குக்குத் தெரியாது. நடுவில் நான் ரிலே (காந்தத்தால் மாறும் சுவிட்ச்) போட்டுப் பார்த்தேன். அது விழுந்து மாறுகிற அந்தக் கண்ணிமைப் பொழுதே போதும், ரிக் அணைந்து முதலில் இருந்து தொடங்கியது. சப்ளையையும் பேட்டரியையும் டையோடு இல்லாமல் நேரடியாகச் சேர்க்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் பயம். சப்ளைக்குள் மிகைவோல்ட் பாதுகாப்பு ஷார்ட் செய்கிற வகையாக இருந்து, அது ஒருநாள் தவறாக விழித்துக்கொண்டால் பேட்டரி முழுதும் அதன் வழியே கொட்டிவிடும்.

இப்போது நான் பட்ட பாட்டைக் கேள். எல்லாம் மாட்டி முடித்து, சப்ளையை அணைத்துவிட்டு மைக்கை அழுத்தினால் ரிக் படுத்துவிட்டது. பேட்டரிதான் செத்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். பேத்தியிடம் மல்டிமீட்டரைக் கொடுத்து, பவரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே படிக்கச் சொன்னேன். படுப்பதற்குச் சற்று முன்பு பேட்டரி முனையில் 12.4. ரிக்கின் பின்னால் 11.1. "தாத்தா, நடுவில யாரோ திருடுறாங்க" என்றாள். திருடியது ஒயர்தான். 2.5 சதுர மி.மீ. ஒயர், போக 3 மீட்டர், வர 3 மீட்டர். 20 ஆம்பியரில் அதிலேயே 0.9 வோல்ட் போய்விடுகிறது. மீதி 0.4ஐ நான் போட்டிருந்த ஷாட்கி வகை டையோடு தின்றது, 8 வாட் சூடாக. பெரும்பாலான 13.8 வோல்ட் ரிக்குகள் 15 சதவீதம் வரைதான் இறக்கம் பொறுக்கும், அதாவது 11.7 வரை. பேட்டரியை மேஜைக்கு அடியில் இழுத்துவைத்து, 6 சதுர மி.மீ. ஒயரை ஒரு மீட்டராக வெட்டிப் போட்டேன். டையோடுக்குப் பதில் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வைத்த, டையோடு போலவே வேலை செய்கிற சின்ன போர்டு. இப்போது ரிக்கின் பின்னால் 12.2. முழுப் பவரிலும் அசையவில்லை.

ஃபியூஸை மட்டும் மறக்காதே. பேட்டரி பிளஸ் முனையை ஒட்டியே போடு. ரிக் பக்கம் போட்டால் நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அதனால் ஒரு பயனும் இல்லை.

எவ்வளவு பெரிய பேட்டரி? உன் 100 வாட் ரிக் கேட்கும்போது 1 ஆம்பியர், அனுப்பும்போது உச்சத்தில் 20 ஆம்பியர் எடுக்கும். எஸ்.எஸ்.பி. என்ற குரல் முறையில் பேசும்போது சராசரி அதில் பாதிகூட வராது. கால்வாசி நேரம் பேசி முக்கால்வாசி நேரம் கேட்டால் ஒரு மணி நேரத்துக்கு 3 ஆம்பியர்-மணி போல ஆகும். கணக்குக்கு 7 ஆம்பியர்-மணி போதும் என்று தோன்றும். ஆனால் அவ்வளவு சின்ன ஈய-அமில பேட்டரியிடம் 20 ஆம்பியர் கேட்டால் வோல்ட் தரையில் விழும். 20 ஆம்பியர்-மணிக்குக் குறையாமல் வாங்கு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் இன்னும் நல்லது, முக்கால்வாசி காலியானாலும் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். அதற்குள் இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) 20 ஆம்பியருக்கு மேல் விடுமா என்று மட்டும் பார்த்துக்கொள். சார்ஜர் தனியாக, அந்த வகைக்கு உரியதாக இருக்கட்டும். எஃப்.டி.8 (கம்ப்யூட்டர் வழியாக அனுப்பும் டிஜிட்டல் முறை) ஓட்டும்போது பவரைக் குறைத்துக்கொள். 15 நொடியில் 12.6 நொடி முழுப் பவர் போகிற முறை அது.

பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் வைப்பது பற்றிக் கேட்டிருந்தாய். 2.7 வோல்ட், 500 ஃபாரட் ஆறு தொடராக வைத்தால் மொத்தம் 83 ஃபாரட். கேட்க மட்டும் என்றால் மூன்று நிமிடம் தாங்கும். மைக்கை அழுத்தினால் ஒன்பது நொடிகூட வராது. உன் நெட்டுக்கு அது உதவாது.

மாட்டி முடித்ததும் சப்ளையை அணைத்துவிட்டு, அனுப்பும்போது இரண்டு முனையிலும் அளந்து பார். அந்த இரண்டு எண்களையும் அடுத்த கடிதத்தில் எழுது, பேத்தி கேட்டுக்கொண்டே இருப்பாள்.

73 (வாழ்த்துகள்),
உன் பழைய நண்பன்