ஆடிட்டர் ஆபீஸில் திறந்து கிடந்த கதவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் மனசு லேசாயிற்று. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஈரோட்டு ஆடிட்டர் ஒருவர் போன் பண்ணிவிடுவார். அவர் வேலை போன வாரம்தான் முடிந்தது. உன் ஆபீஸிலும் வீட்டிலிருந்து வேலை பார்க்க வழி செய்யச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதனால் அந்தக் கதையையே எழுதுகிறேன்.

அங்கே ஐந்து பேர். கணக்கு எழுதும் டேலி ஒரே மெஷினில். ரிட்டர்ன் சீசனில் ராத்திரியும் வேலை ஓடும். முன்பு அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர், ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை (நெட் வழியாக உள்ளே வரும் வாசலை)த் திறந்து நேராக அந்த மெஷினுக்கே விட்டிருந்தார். தூரத்திலிருந்தே மெஷினை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை ஊருக்கே திறந்து வைத்த மாதிரி. "நல்லாத்தானே போயிட்டு இருக்கு" என்றார் ஆடிட்டர். நான் எதுவும் பேசாமல் விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரைத் திறந்து, தோற்றுப்போன லாகின்களைக் குறிக்கும் 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டிக் காட்டினேன். அட்மின், டெஸ்ட், யூசர் என்று சில விநாடிக்கு ஒருமுறை யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். "இந்தப் பேர்ல நம்மகிட்ட யாருமே இல்லையே!" என்றார். அப்புறம் அவர் வாதாடவில்லை. அந்த மெஷின் விண்டோஸ் 7 வேறு. பழைய விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் 2019-இல் வெளியான ப்ளூகீப் என்ற ஓட்டை இருக்கிறதே, அதன் வழியாக நுழையப் பாஸ்வேர்டே தேவையில்லை. முதல் வேலையாக மெஷினை மாற்றச் சொன்னேன். ஹோம் எடிஷனுக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைய முடியாது என்பதால் ப்ரோ எடிஷன். (3389-ஐ 3390 ஆக்கிவிட்டால் போதும் என்பவர்களை நம்பாதே. ஸ்கேன் பண்ணுகிறவனுக்கு எல்லா எண்ணும் ஒன்றுதான்.)

பிறகு பழைய சின்னப் பெட்டி ஒன்றில் லினக்ஸ் போட்டு வயர்கார்ட் என்ற விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போகும் ரகசிய டனல்) வைத்தேன். வெளியே திறந்திருப்பது 51820 என்ற யுடிபி போர்ட் மட்டும். சரியான டிஜிட்டல் சாவி இல்லாமல் தட்டினால் அது பதிலே சொல்லாது. உள்ளே ஆள் இருப்பதே வெளியே தெரியாது. எனக்கு அதில் பிடித்ததே அந்த ஊமைத்தனம்தான்.

ஆனால் ஒரு ராத்திரி முழுக்க என்னை அலைய விட்டது. என் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் டேலி மெஷின் கிடைக்கிறது; ஆடிட்டர் வீட்டில் கிடைக்கவில்லை. டனல் எழுந்து நிற்கிறது, ஆனாலும் இல்லை. கடைசியில் பார்த்தால் ஆபீஸ் நெட்வொர்க்கின் முகவரி எண்ணும் 192.168.1, அவர் வீட்டிலும் 192.168.1. லேப்டாப் ஆபீஸ் மெஷினை அவர் வீட்டு ஹாலிலேயே தேடிக்கொண்டிருந்தது! ஆபீஸை 10.37.5-க்கு மாற்றினேன். மறுநாள் காலை பிரின்டர் வேலை செய்யவில்லை என்று போன். பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திட்டு எனக்கு.

ஆளுக்கொரு சாவி கொடுத்திருந்தேன். அங்கே பயிற்சியில் இருக்கும் ஆர்ட்டிகிள்ஷிப் பையன் ஒருவன் தன்னுடையதை விட்டுவிட்டு, பக்கத்து சீட் பெண்ணின் சாவி இருந்த கான்ஃபிக் ஃபைலைக் காப்பி பண்ணிக்கொண்டான். இரண்டு பேருக்கும் மாறி மாறிக் கட்டானது. சர்வர் ஒரு சாவிக்கு ஒரு முகவரியைத்தான் நினைவில் வைக்கும். கடைசியாகப் பேசியவர் பக்கம் போய்விடும். இப்போது யாராவது வேலையை விட்டுப் போனால் அவர் சாவியை மட்டும் அழித்தால் போதும் என்பது ஆடிட்டருக்கும் புரிந்துவிட்டது.

டேலி ஃபைலை விபிஎன் வழியாக நேராகத் திறக்காதே, ஆமை வேகம். டனலுக்குள்ளேயே ரிமோட் டெஸ்க்டாப் போட்டுக்கொள். கரண்ட் போய் வந்தால் பெட்டி தானாக ஆன் ஆகும்படி அதன் பயோஸ் செட்டிங்கில் வைத்துவிடு. இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நீதான் ஆபீஸ் கதவுச் சாவி எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

எதையும் வாங்கும் முன் உன் ஆபீஸ் ரவுட்டர் பக்கத்தில் வெளி ஐபி எண்ணைப் பார். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால், நெட் கம்பெனிக்காரன் ஒரே எண்ணைப் பல பேருக்குப் பங்கு போட்டிருக்கிறான். வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. மாறாத எண்ணான ஸ்டாட்டிக் ஐபிக்குத் தனியாகக் காசு கேட்பான். எண்ணைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் பழைய அறைத்தோழன்